பந்தை வாங்க நடந்து வந்தவர்

எங்கள் பயிற்றுவிப்பாளர் தவராசா ஸேர் மைதான ஓரத்து மரவாங்கிலிருந்து எழும்பியபோது, அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுக்காத குறையாக நானும் எழும்பினேன்.

"எங்க ஸேர் போறீங்க?"

"பந்த வாங்கப் போறன்."

"இப்பயா? இன்னும் ஒரு ஆள்தானே மிச்சம்?"

"ஓம் மிஸ், ஒரு ஆள்தான்."

குரலில் கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. சந்தையில் மீன் விலை கேட்கப் போகிறவர் மாதிரி மைதானத்துக்குள் நடந்தார்.

அது பேஸ்போல் இறுதிப் போட்டி, கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால் இருந்தோம். எதிரணியில் இன்னும் ஒருவரை அவுட் ஆக்கினால் கிண்ணம் எங்களுக்கு. ஆனால் மூன்று பேஸிலும் ஓடக் காத்துக்கொண்டு அவர்களுடைய ஆட்கள் நின்றார்கள். நடுவில் மண்மேட்டின் மேல் எங்கள் பிட்ச்சர் நிரோஜன் தொப்பியைக் கழற்றி, நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அவன் ஒருவன்தான் பந்து எறிகிறான். அந்த ஒரு ஆளையும் அவனே முடிப்பான் என்று, கல்முனையிலிருந்து அம்பாறைக்கு இரண்டு பஸ்களில் வந்திருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் நம்பினார்கள். நானும்தான்.

தவராசா ஸேர் மேட்டுக்குப் போனார். கையை நீட்டினார். நிரோஜன் பந்தைக் கொடுக்கத் தாமதித்ததை நான் பார்த்தேன். பிறகு கொடுத்தான். அவனுக்குப் பதிலாக எறிய வாங்கிலிருந்து றிப்கான் ஓடினான். எங்கள் பக்கத்துக் கூட்டம் கூவென்று ஊளையிட்டது.

பந்துக் கணக்கு எழுதும் என் கொப்பியை நான் மூடினேன். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அதை மூடியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கொப்பியோடு போன நான்

சென்ற கிழமை இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் பேஸ்போல் பற்றி ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு மருதமுனை வாசகி ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "கணக்குப் படிப்பிக்கிற நீங்க எப்பிடி மிஸ் அந்த வாங்கில போய் இருந்தீங்க?"

எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியில் விளையாட்டுக் குழுவுக்குச் செயலாளர் வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் அதிபர் கேட்டார். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நான் யன்னலைப் பார்த்தேன். மேசையைப் பார்க்காத காரணத்தால் அந்தப் பதவி எனக்கு வந்தது. இதைவிடக் கௌரவமான காரணம் எதுவும் கிடையாது.

அப்போது எங்கள் பக்கத்தில் பேஸ்போல் என்றால் யாருக்கும் சரியாகத் தெரியாது. மூங்கில் மட்டையால் அடித்து ஓடும் எல்லே தெரியும். கிரிக்கெட் தெரியும். கடற்கரையில் காற்பந்து தெரியும். தவராசா ஸேர்தான் அந்த விளையாட்டைக் கொண்டுவந்தார். பாண்டிருப்பில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். ஜப்பானில் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்து, அந்தத் தொழிற்சாலை அணியில் விளையாடி, ஊருக்குத் திரும்பி வந்தவர். கல்லூரி அவரைப் பகுதிநேரப் பயிற்றுவிப்பாளராக எடுத்தது. கட்டையான ஆள். கதைக்கும்போது மற்றவரின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார். முதல் நாள் எனக்கு அது பிடிக்கவே இல்லை.

"மிஸ், நீங்க கணக்கு ஆள் எண்டு சொன்னாங்க. ஒரு கொப்பி எடுத்து ஒவ்வொரு பந்தையும் எழுதுவீங்களா?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு பந்தையுமா? எதுக்கு?"

"நான் பிழையாக் கதைக்கிற நேரம் எனக்குக் காட்டுறதுக்கு."

கணக்குப் படிப்பிக்கிற ஒருத்தியிடம் இப்படிக் கேட்டால் அவளால் மாட்டேன் என்று சொல்ல ஏலுமா?

பெற்றோல் வரிசைக் காலத்தில் ஆள் தேடியது

பெற்றோலுக்கு மைல் கணக்கில் வரிசை நின்ற காலம் அது. மோட்டார் சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு, சாதாரண சைக்கிளில்தான் தவராசா ஸேர் ஊர் ஊராகப் போனார். கல்லூரி விண்ணப்பம் முடிவதற்கு முந்திய ஒன்றரை மாதம். பாலமுனைக் கடற்கரை, சாகாமம் குளத்துப் பக்கம், வரிப்பத்தான்சேனை வயல்வெளி என்று எல்லா இடமும்.

கிரிக்கெட் விளையாடும் மைதானங்களுக்கு மட்டும் அவர் போகவில்லை. எனக்கு அது விளங்கவில்லை.

"நல்லா அடிக்கிற பொடியன்மார் அங்கதானே ஸேர் இரிக்காங்க?"

"இரிக்காங்க மிஸ். அவங்களுக்கு அடிச்சுப் பழக்கம். நான் அடிக்காம நிக்கிறதப் படிப்பிக்க வேணும். பழகினவன மாத்திறத விட பழகாதவன எடுக்கிறது லேசு."

கரைவலை இழுக்கும் இடத்தில் ஒரு மணித்தியாலம் மணலில் குந்தியிருப்பார். யார் பலமாக இழுக்கிறான் என்று பார்க்க மாட்டார். வலை கிழிந்து மீன் போய்விட்டது என்று தெரிந்த பிறகு யார் அதே மாதிரி இழுக்கிறான் என்று பார்ப்பார். அப்படித்தான் நிரோஜன் கிடைத்தான். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுத் தகப்பனுடன் வலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். மற்ற எல்லோரும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்த நேரம், இவன் மட்டும் கிழிந்த வலையைக் கடைசி முழம் வரைக்கும் இழுத்துக் கரையில் மடித்து வைத்தானாம்.

செங்கல் ஏற்றும் இடத்தில் ஒருவனைப் பிடித்தார். டிரக்டரின் மேல் நின்று, கீழேயிருந்து எறியும் கற்களை இரண்டிரண்டாகப் பிடிப்பவன். அவன்தான் எங்கள் கெச்சர்.

றிப்கானைக் கண்டது வரிப்பத்தான்சேனையில். நெற்கதிர் பால் பிடிக்கிற பருவத்தில் கிளிகள் வந்து விழும். வரம்பில் நின்று மண்ணாங்கட்டி எறிந்து விரட்டுவார்கள். ஒருவன் எறிகிற கட்டி ஒவ்வொரு தடவையும் ஒரே கம்பத்தில் பட்டு உடைவதைப் பார்த்து ஸேர் சைக்கிளை நிறுத்தியிருக்கிறார்.

"கிளிக்கு எறியிறியா, கம்பத்துக்கு எறியிறியா?"

"கம்பத்துக்குத்தான். கிளிக்குச் சத்தம் போதும். அடிச்சா பாவம்."

"இன்னும் தூரத்தில ஒரு கம்பம் காட்டினா?"

"காட்டுங்களன்."

இதை ஸேர் எனக்குச் சொல்லும்போது சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

நேர்முக அறையில் நடந்த சண்டை

எங்கள் முதல் பெரிய சண்டை அந்த றிப்கானைப் பற்றித்தான்.

மாணவர்களைத் தெரிவு செய்யும் குழுவில் நான் இருந்தேன். ஸேர் இல்லை. அவரால் முடிந்தது விண்ணப்பம் போடச் சொல்வது மட்டும்தான். றிப்கானின் பெறுபேறு என் முன்னால் கிடந்தது. கணிதத்தில் மட்டுமட்டான சித்தி. அவனைவிட நல்ல பெறுபேறு உள்ளவர்கள் வெளியே கதிரைகளில் இருந்தார்கள்.

இடைவேளையில் ஸேரைத் தேடிப் போய் நேராகவே கேட்டேன்.

"ஸேர், இது படிக்கிற இடம். நீங்க கையைப் பார்த்து ஆள் கொண்டு வாறீங்க. மறுகா அவன் ரெண்டாம் தவணையில எல்லாப் பாடமும் பெயிலாகி வீட்ட போவான். அவனோட வாழ்க்கையில ரெண்டு வருசத்த நாம தின்னுறம்."

அவர் பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்றது செரி மிஸ். நான் கூப்பிடுறது கையைப் பார்த்துத்தான். எடுக்கிறது நீங்க. உங்களுக்குச் செரியாப் படாட்டி எடுக்காதீங்க. நான் கோவிக்க மாட்டன்."

"எடுக்கச் சொல்லிக் கேக்க மாட்டீங்களா?"

"மாட்டன். ஆனா ஒண்டு கேளுங்க. அவனிட்ட எழுத்தில கேக்காம வாயால கணக்குக் கேளுங்க."

சண்டைக்குத் தயாராகப் போன எனக்கு அது சப்பென்று போய்விட்டது. உள்ளே போய், அளவுகளைச் சொல்லி றிப்கானிடம் கேட்டேன்: முக்கோண மூலை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும் வயலுக்கு எவ்வளவு விதைநெல் வேண்டும்? அவன் கண்ணை மூடி, விரலால் மேசையில் கோடு போட்டு, மூலையை வெட்டி எடுத்து, மறுபக்கத்தில் ஒட்டி, விடையைச் சொன்னான். சரியான விடை. சூத்திரம் கேட்டேன். தெரியாது என்றான்.

அவனுக்கு இடம் கொடுக்கச் சொல்லிக் குழுவில் வாதாடியது கடைசியில் நானேதான். மற்ற விரிவுரையாளர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆளைப் பிடிக்கிறவர் என்னையும் பிடித்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள்.

அவுட் ஆகிறவனுக்குக் கைதட்டு

முதல் மூன்று கிழமையும் ஸேர் மட்டையை யாருக்கும் தரவில்லை. பிடி, எறி, ஓடு. நான்கு மூலைகளையும் சுற்றி வந்து வீடு சேர்ந்தால் ஒரு ஓட்டம். அந்த மூலைகளைத்தான் பேஸ் என்கிறார்கள். எந்த மூலையில் நிற்கும்போது எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை மணலில் கோடு கீறிக் கீறிக் காட்டினார்.

மட்டையைக் கொடுத்த பிறகு வந்தது அடுத்த வாக்குவாதம்.

மட்டையை வீசாமல் சும்மா காட்டி, பந்தைக் காலடியில் செத்து விழ வைக்கிற ஓர் அடி உண்டு. அடித்தவன் அநேகமாக அவுட் ஆவான். ஆனால் அதற்குள் முன்னால் நிற்கிற கூட்டாளி அடுத்த பேஸுக்குப் போய்விடுவான். ஸேருக்கு அந்த அடியில் பெரிய பிரியம். அப்படி அவுட் ஆகித் திரும்பி வருகிறவனுக்கு வாங்கில் இருக்கிற எல்லோரும் எழும்பிக் கைதட்ட வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

மூன்று மாதம் எழுதிய கொப்பியைக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்தேன்.

"பாருங்க ஸேர். இப்பிடி ஒரு ஆளைக் குடுத்து நாம எடுத்த ஓட்டம் இவ்வளவு. குடுக்காம விட்ட இன்னிங்ஸில எடுத்தது இவ்வளவு. குடுக்கிறது நட்டம்."

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவசரப்படவில்லை.

"மூணாம் பேஸில ஒருத்தன் நிண்டா எறியிறவனுக்குத் தொண்டை காயும். அதுக்கு இந்தக் கொப்பியில இடம் இரிக்கா?"

"தொண்டை காஞ்சா அதுவும் ஓட்டமாத்தானே ஸேர் வரவேணும்? வந்திருந்தா கொப்பியில இரிக்கும்."

அவர் கடைசிப் பக்கத்தை மறுபடியும் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"ஓம். அப்ப குறைப்பம்."

குறைத்தார். முற்றாக விடவில்லை. ஆட்டத்தின் பிற்பகுதியில், ஒரே ஒரு ஓட்டம் தேவைப்படும்போது மட்டும் என்று வைத்துக்கொண்டார். கைதட்டும் சட்டத்தை மட்டும் அப்படியே வைத்திருந்தார். "அது ஓட்டத்துக்கு இல்ல மிஸ்" என்றார்.

எத்தனையோ வருடம் எத்தனையோ கூட்டங்களில் இருந்திருக்கிறேன். ஆண்கள் நிறைந்த கூட்டங்கள். ஒரு பெண் இலக்கத்தைக் காட்டியதும் "அப்ப குறைப்பம்" என்று சொன்ன மனிதர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

நோன்பு மாதத்தில்

பயிற்சி எப்போதும் பின்னேர அஸர் தொழுகை முடிந்துதான் தொடங்கும். பொழுதுபடும் மஃரிப் தொழுகைக்கு முந்தி முடியும். இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. முதல் நாளே அப்படித்தான் நேரம் போட்டிருந்தார். நிரோஜன் வீட்டுப் பக்கக் கோயிலில் தீமிதிப்பு நடக்கும் நாட்களில் அவனும் இன்னும் இரண்டு பேரும் வர மாட்டார்கள். அதுவும் முன்கூட்டியே அட்டவணையில் இருக்கும்.

நோன்பு மாதம் வந்தபோது போட்டிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. பயிற்சி கெட்டுப்போகும் என்று எனக்குக் கவலை.

"நோன்பு மாசம் ஓட்டம் இல்ல. கதை மட்டும்" என்றார் ஸேர்.

வாகை மரத்து நிழலில் எல்லோரையும் வட்டமாக இருத்தினார். ஒருவனைக் காட்டி, "இப்ப ரெண்டு பேர் அவுட். முதல் பேஸில ஆள். பந்து உன்னட்ட வருது. எங்க எறிவ?" என்று கேட்பார். அவன் சொன்னதும் அடுத்தவனிடம் "இவன் சொன்னது செரியா?" என்பார். பிழை என்றால் ஏன் பிழை என்று சொல்ல வேண்டும். நிரோஜனும் மற்ற தமிழ்ப் பொடியன்மாரும்கூட அந்த ஒரு மணித்தியாலம் தண்ணீர்ப் போத்தலைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். யாரும் சொல்லிச் செய்ததல்ல.

பெருநாள் முடிந்து மைதானத்துக்கு இறங்கியபோது அணியே வேறு மாதிரி இருந்தது. பந்து காற்றில் இருக்கும்போதே ஒன்பது பேரும் அசைந்தார்கள். அதை எழுதுவதற்குக் கொப்பியில் கட்டம் இல்லை என்று அன்றைக்கு நானே ஒத்துக்கொண்டேன்.

அப்படித்தான் ஒவ்வொரு ஆட்டமாக வென்று, யாரும் எதிர்பாராமல் இறுதிப் போட்டிக்கு வந்தோம்.

மறுபடியும் அந்த இன்னிங்ஸ்

றிப்கான் மேட்டில் ஏறினான். ஐந்தாறு பந்து எறிந்து கையைச் சூடாக்கினான். ஸேர் வந்து என் பக்கத்தில் இருந்தார். அவருடைய கையில் பந்தை எண்ணும் சிறிய கருவி ஒன்று எப்போதும் இருக்கும். அதை என் பக்கம் திருப்பினார்.

"நூறு ஆயிட்டுது மிஸ்."

ஒருவன் ஒரு நாளில் நூறு பந்துக்கு மேல் எறியக் கூடாது என்பது அவர் போட்ட எல்லை. ஜப்பானில் அதைத் தாண்டி எறிந்து தோளைக் கெடுத்துக்கொண்ட ஆட்களைத் தொழிற்சாலையில் கூட வேலை செய்து பார்த்தவர்.

"ஒரு ஆளுக்காக, ஸேர். நாலு பந்து, அஞ்சு பந்து."

"அந்த அஞ்சு பந்திலதான் தோள் போற. அவன் நாளைக்கு விடிய வலை இழுக்கிறவன். எங்களுக்கு அவன்ட கை இண்டைக்கு மட்டும்தான் வேணும். அவனுக்கு எல்லா நாளும் வேணும்."

"அவன்தானே எறியிறன் எண்டு நிக்கான்?"

"அவன் நிப்பான். அதுக்குத்தானே அவன எடுத்த."

றிப்கானின் முதல் பந்து அகலமாகப் போனது. இரண்டாவது சரியாக விழுந்தது. அடிக்கிறவன் அசையவில்லை. மூன்றாவது பந்தை அவன் அடித்தான். பெரிய அடி இல்லை. தரையோடு உருண்டு, முதலாம் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவில், இரண்டு பேர் பாய்ந்தும் எட்டாமல் போனது. இரண்டு பேர் ஓடி வீடு சேர்ந்தார்கள். ஆட்டம் முடிந்தது.

றிப்கான் மேட்டிலேயே குந்திவிட்டான். ஸேர் போய் அவன் பக்கத்தில் குந்தினார். எதிரணி கிண்ணம் வாங்கி முடியும் வரைக்கும் இருவரும் அப்படியே இருந்தார்கள்.

பஸ்ஸில் நிரோஜன் போய் றிப்கானுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டான். வறுத்த கச்சான் கடலைப் பை ஒன்று இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. காரைதீவுச் சந்தி வரும் வரைக்கும் இரண்டு பேரும் தோலை உடைத்து உடைத்துத் தின்றார்கள். ஸேரோடு நான் கதைக்கவில்லை. என் கோபம் அவ்வளவு.

அதிபருடைய மேசையில் என் அறிக்கை

மறுநாள் காலையில், வீட்டு வேலையைக்கூடத் தொடாமல், இருந்து ஓர் அறிக்கை எழுதினேன். செயலாளர் என்ற முறையில். பயிற்றுவிப்பாளர் ஆட்டத்தின் போக்கைப் பார்க்காமல் ஓர் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், வெல்ல வேண்டிய ஆட்டம் தோற்றது, அடுத்த வருடத்துக்கு வேறு ஒருவரை யோசிக்கலாம். கணக்குக்காரி ஒருத்தி இன்னொருவரை இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று குற்றம் சொல்வதில் உள்ள வேடிக்கை அப்போது எனக்குப் படவில்லை.

வீட்டில் எங்கட அவர் அதை வாசித்துவிட்டு, "கொஞ்சம் ஆறட்டுமே. நாளைக்குக் குடுங்க" என்றார். நான் அன்றைக்கே கொடுத்தேன்.

பழைய மாணவர்கள் சிலரும் கடிதம் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய கடிதத்தில் றிப்கானின் பெயரும் இருந்தது. கணக்குத் தெரியாத ஆளை எப்படி எடுத்தீர்கள் என்று.

அடுத்த கிழமை அதிபர் எங்களைக் கூப்பிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் தவராசா ஸேரும் நானும் இரண்டு விரிவுரையாளர்களும். கடிதங்களை வாசித்துக் காட்டினார். என் அறிக்கையையும் வாசித்தார். வாசிக்கும்போது நான் ஸேரைப் பார்க்கவில்லை.

"என்ன சொல்றீங்க தவராசா? பிழை நடந்ததா?" என்று அதிபர் கேட்டார்.

"ஓம் ஸேர், நடந்த. ஆளை மாத்தினதில என்னில பிழை இரிக்கி. றிப்கான்ட பேர அதுக்குள்ள இழுக்க வேணாம். அவன நிக்கவிட்ட இடம் பிழை."

"அப்ப நிரோஜனையே விட்டிருக்க வேணும் எண்டுறீங்களா?"

"இல்ல ஸேர். நான் பிந்திட்டன். எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கக்கொள்ள மாத்தியிருக்க வேணும். அப்ப எல்லாப் பேஸும் வெறும். வெறும் பேஸோட வந்திருந்தா றிப்கான் வேற ஆள். மூணு பேர் நிக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்ப் புது ஆள விட்டது என்ட பிழை."

"ஏன் பிந்தினீங்க?"

"பிந்திட்டன்" என்றார் மறுபடியும். அவ்வளவுதான்.

அதிபர் எங்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். மற்ற இரண்டு பேரும் தேநீருக்குப் போனார்கள். நானும் அவரும் விறாந்தையில் நின்றோம். பையிலிருந்து கொப்பியை எடுத்தேன். எட்டாவது இன்னிங்ஸ் பக்கத்தைத் தேடினேன். என் சொந்தக் கையெழுத்து. நிரோஜனின் பந்துகள் ஒவ்வொன்றாக அகலப் போயிருந்தன. எந்த ஓட்டமும் கொடுக்காமல் அந்த இன்னிங்ஸை முடித்துவிட்டதால், அப்போது எனக்கு அது கண்ணில் படவே இல்லை. ஏழாவதில் அவன் மூன்று பேரையும் வரிசையாக வீழ்த்தியதுதான் கண்ணில் நின்றது.

"நீங்க சொல்றது செரி ஸேர்" என்றேன். "இதில இரிக்கி. ஆனா நீங்க இதெல்லாம் பார்க்காம விடுற ஆள் இல்லையே. ஏன் பிந்தினீங்க?"

அவர் என் கையிலிருந்த கொப்பியைப் பார்த்தார்.

"விடுங்க மிஸ்."

"இல்ல, சொல்லுங்க."

"ஏழாவது முடிஞ்சு நம்மட பொடியன்மார் திரும்ப இறங்கக்கொள்ள, நூறு கிட்ட வருது எண்டு நான் எழும்பின. நீங்க இப்பிடிக் காட்டினீங்க." உள்ளங்கையைக் கீழே பார்க்கத் திருப்பி, இரண்டு தடவை மெல்ல அமர்த்திக் காட்டினார். இருங்க, இருங்க என்று. "நீங்க கொப்பி பார்க்கிற ஆள். ஏதோ கண்டுதான் சொல்றீங்க எண்டு நினைச்சு இருந்திட்டன்."

நான் அப்படிச் செய்யவில்லை என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். ஆனால் என் கைக்கே அது ஞாபகம் இருந்தது. சந்தோசத்தில், கூட்டத்தின் இரைச்சலில், கொப்பியைப் பார்க்காமலே காட்டிய கை அது.

"உள்ளுக்கு ஏன் ஸேர் சொல்லல்ல? என்ட அறிக்கைய வாசிக்கிற நேரமாவது?"

"முடிவு எடுக்கிறது நான்தானே மிஸ். எழும்பின ஆள் நடந்திருக்க வேணும்."

எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கதவைத் தட்டாமலே அதிபருடைய அறைக்குள் போனேன். நின்றபடியே முழுவதையும் சொன்னேன். அறிக்கையைத் திருப்பிக் கேட்டேன். கிழிப்பதற்கல்ல. அதன் அடியில் எட்டாவது இன்னிங்ஸில் நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டுத் திரும்பவும் மேசையில் வைத்தேன். றிப்கானைத் தெரிவு செய்யச் சொல்லி வாதாடியது நான் என்பதையும் சேர்த்து எழுதினேன்.

அதிபர் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு ஸேரையும் உள்ளே கூப்பிட்டார்.

"தவராசா, மிஸ்ஸ அந்த வாங்கில வச்சிருக்கிறதா, எடுக்கிறதா?"

கேட்டவர் சிரிக்கவில்லை.

"இரிக்கட்டும் ஸேர்" என்றார் தவராசா ஸேர். "எனக்குப் பிழை சொல்ல வேற ஆள் இல்ல."

அடுத்த வருடமும் அவரே பயிற்றுவிப்பாளராக இருந்தார். நிரோஜனின் தோள் நன்றாக இருக்கிறது. இப்போது சொந்தப் படகு. றிப்கான் என் பாடத்தில் இரண்டாம் தடவைதான் சித்தியடைந்தான். அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

இன்றைக்கும் அந்தக் கடைசி ஆளை நிரோஜன் வீழ்த்தியிருப்பான் என்றுதான் என் மனம் சொல்கிறது. ஸேரிடம் இதைச் சொன்னால் இன்னும் அரை மணித்தியாலம் வாதாடுவார். எனக்குத் தெரிந்த வரையில், ஒரு முடிவை எடுத்த பிறகு அதைப் பற்றி யார் என்ன கேட்டாலும் இருந்து கதைக்கிற ஒரே மனிதர் அவர்தான்.

புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தன்று கொப்பியோடு போய், வாங்கின் ஓரத்தில், அவரிலிருந்து நான்கு ஆள் தள்ளி இருந்தேன். இரண்டு கையையும் கொப்பிக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அவர் அதைக் கண்டுவிட்டார். எழும்பி வந்து பக்கத்தில் இருந்தார்.

"மிஸ், இனி கையால காட்டாதீங்க. வாயால சண்டை பிடிங்க. கையால காட்டினா நான் கேட்டிருவன். சண்டை பிடிச்சாத்தான் எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்."

அன்றைக்கு மூன்றாவது இன்னிங்ஸிலேயே சண்டை பிடித்தோம்.